உறுதி செய்யாதவர்கள் எங்கே போனார்கள்?

“தம்பி, ரெண்டு தடவை பேர் கொடுத்துட்டேன். ஒண்ணுமே வரலையே?”

பறவை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்பி வருகிறோம். பள்ளிக் கண்காட்சி ஒன்றில் அதற்குப் பெயர் கொடுத்த, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் போனில் இப்படிக் கேட்டார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் பெயர் இருந்தது, இரண்டு தடவையும். பக்கத்தில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற குறிப்பு. பெயர் கொடுத்ததும் ஒரு சின்ன அஞ்சல் போகும், அதிலுள்ள லிங்கைத் தொட்டு உறுதி செய்தால்தான் மடல் வர ஆரம்பிக்கும். அவருக்கு மேலும் கீழும் அதே குறிப்போடு இன்னும் நிறையப் பேர்.

அதுவரை அவர்களையெல்லாம் ஆர்வம் விட்டுப்போனவர்கள் என்றே நினைத்திருந்தேன். அன்று டீச்சர் குரலில் ஆர்வத்துக்குக் குறையே இல்லை. அப்படியானால் நடுவில் என்னவோ நடக்கிறது என்றுதான் அந்தச் சின்ன அஞ்சலின் பாதையைத் தேடிப் போனேன். படிவத்தில் பட்டனை அழுத்துவதற்கும் உறுதி செய்யும் லிங்கைத் தொடுவதற்கும் இடையே எத்தனை கதவுகள் இருக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. பெயர் கொடுத்தவரை நேராகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன? மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதினார். அதில் அனுப்புகிறவர் தன் முகவரி என்று எதைச் சொன்னாலும் எதிர்ச் சர்வர் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஆய்வுலகத்துக்காக உருவானது, அதில் பொய் சொல்ல ஆள் இல்லை. நம் பதிவுப் படிவமும் அதே மாதிரிதான்: யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் தட்டலாம். 2016 ஆகஸ்டில் இதையே ஆயுதமாக்கினார்கள். தானியங்கி நிரல்களை வைத்து, அமெரிக்க அரசு ஊழியர்கள் உட்படப் பலரின் முகவரிகளை ஏராளமான செய்திமடல் படிவங்களில் நிரப்பினார்கள். மடல்கள் மழையாகக் கொட்டி, அந்த இன்பாக்ஸ்கள் பயன்படாமல் போயின. ஸ்பேம், அதாவது கேட்காமல் வரும் குப்பை அஞ்சல், அனுப்புவோரின் தடைப்பட்டியலைப் பராமரிக்கும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு, உறுதிகேட்காமல் முகவரி சேர்த்தவர்கள் மீது கை வைத்தது. மடல் நடத்தியவர்களுக்கு யாரையும் துன்புறுத்தும் எண்ணமே இல்லை, ஆனாலும் அவர்கள் அஞ்சல் நின்றது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களை கூகுள் இந்த வகையில் சேர்க்கிறது. ‘இது ஸ்பேம்’ என்று பெறுநர்கள் புகார் செய்வது 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். கேட்காதவருக்கு மடல் போனால் அவர் அழுத்தப்போகும் பட்டன் அதுதான். செய்திமடல் சேவைகளில் பெரியதான மெயில்சிம்ப், பாதியில் நின்றுபோகிறவர்கள் அதிகம் என்று சொல்லி, 2017 இறுதியில் இந்த உறுதிப்படுத்தலைக் கட்டாயமில்லாத ஒன்றாக ஆக்கியது. அந்தச் சங்கடம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் கதவைக் கழற்றுவதைவிட, கதவு வரைக்கும் உள்ள பாதையைச் சரிசெய்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

சரி, பாதைக்கு வருவோம்.

பட்டனை அழுத்தியதும் நம் சர்வர் ஒரு எண்ணைத் தற்செயலாக உருவாக்குகிறது. இதற்கு டோக்கன் என்று பெயர். 128 பிட் நீளம் என்றால், இருக்கக்கூடிய எண்களின் தொகையே 39 இலக்கம் வரும். ஊகித்துக் கண்டுபிடிக்க வழியில்லை. டோக்கனை முகவரியோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, லிங்கின் வாலில் ஒட்டி அஞ்சலாக அனுப்புகிறது. அந்த எண் திரும்பி வந்தால், முகவரிக்கு உரியவர்தான் தொட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வேறு யாருக்கும் அது தெரியாது.

அனுப்புவது என்றால் உடனே பறந்துவிடாது. வரிசையில் நிற்கும். எங்கள் முதல் தவறு இங்கேதான். மாத மடல் கிளம்பும் நேரத்தில் யாராவது பதிவு செய்தால், அவருக்கான உறுதி அஞ்சல் அத்தனை மடல்களுக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. மடல் போன அன்றுதான் நண்பர்கள் அதைப் பகிர்ந்து புது ஆட்கள் வருவார்கள். ஆக, கூட்டம் அதிகமாக வரும் நாளிலேயே அஞ்சல் தாமதம். உறுதி அஞ்சலுக்குத் தனி வரிசை வைத்ததும் இந்தச் சிக்கல் அகன்றது.

வரிசை தாண்டியதும் இரண்டு சர்வர்களும் பேசிக்கொள்கின்றன. கிட்டத்தட்ட மனிதர் பேச்சு மாதிரியே இருக்கும். வணக்கம் சொல்லி, ‘இன்னாரிடமிருந்து’, ‘இன்னாருக்கு’ என்று நம் சர்வர் ஒவ்வொன்றாகச் சொல்ல, எதிர்ச் சர்வர் 250 என்று பதில் தந்தால் சரி என்று அர்த்தம். 550 என்றால் அப்படியொரு முகவரி இல்லை, அல்லது உன் அஞ்சல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 451 என்று ஒன்று வரும்: இப்போது முடியாது, அப்புறம் வா. சில சர்வர்கள் முன்பின் அறியாத அனுப்புநருக்கு வேண்டுமென்றே இதைச் சொல்கின்றன. கிரேலிஸ்டிங் என்ற இந்த உத்தி 2003-ல் வந்தது. அவசரமாக லட்சக்கணக்கில் வீசிவிட்டுப் போகும் ஸ்பேம் நிரல் திரும்பி வராது, ஒழுங்கான சர்வர் சில நிமிடம் காத்திருந்து மறுபடி வரும் என்பது கணக்கு. அஞ்சல் தவறாமல் போய்ச் சேரும். ஆனால் பதிவு செய்தவர் அதற்குள் போனைப் பையில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். பெயர் கொடுத்தவர்கள் திரையையே பார்த்துக்கொண்டு அரை நிமிடம் நிற்பார்கள். அந்த அரை நிமிடத்தில் வந்தால் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது அடையாளச் சோதனை. டொமைன் என்பது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். எஸ்பிஎஃப் என்பது நம் டொமைனின் பெயர்ப் பதிவில் எழுதிவைக்கும் ஒரு வரி: எங்கள் பெயரில் இந்தச் சர்வர்கள் மட்டுமே அனுப்பும். டிகேஐஎம் என்பது அஞ்சலின் மேல் போடும் கணித முத்திரை. முத்திரை போடும் சாவி நம்மிடம் இருக்கும், சரிபார்க்கும் சாவி எல்லோரும் பார்க்கும்படி பெயர்ப் பதிவில் இருக்கும். வழியில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. இவை இரண்டில் ஒன்றாவது, பெறுநர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும், இல்லையென்றால் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதும் டிமார்க். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் டொமைன் பெயரைச் சொல்லி வெளிச் சர்வர்களிலிருந்து வரும் அஞ்சல்களை மறுத்துவிடுங்கள் என்று டிமார்க்கில் அறிவித்தபோது, ஒரு தவறும் செய்யாத குழு அஞ்சல்கள் பல அறுபட்டன. சொந்த யாஹூ முகவரியைப் போட்டு வேறொரு சேவை வழியாக மடல் அனுப்பியவர்களுக்கும் அதே கதி. சிறிய குழுக்கள் இன்றும் செய்யும் பிழை இது. ஒரு டொமைன் வாங்கி, இந்த மூன்றையும் ஒழுங்காக எழுதிவைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

இதையெல்லாம் தாண்டிய அஞ்சல் இன்பாக்ஸுக்குள் வந்தாலும், எந்த அறையில் விழும் என்பது வேறு கதை. ஜிமெயில் 2013-ல் இன்பாக்ஸைத் தாவல்களாகப் பிரித்தது. படம், பெரிய பேனர், ஏழெட்டு லிங்க் என்று நிறைந்திருக்கும் அஞ்சல் விளம்பரத் தாவலுக்குப் போக நிறைய வாய்ப்புண்டு. உறுதி அஞ்சலுக்கு அலங்காரம் தேவையே இல்லை. நான்கு வரி, ஒரு லிங்க், போதும். அந்த லிங்க்கும் நம் டொமைனிலேயே இருக்கவேண்டும். எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணுவதற்காகச் சேவைகள் லிங்கைத் தங்கள் பொது டொமைன் வழியாகச் சுற்றிவிடுவதுண்டு. அதே டொமைனை வேறு ஒரு ஸ்பேம்காரரும் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கறை நம் மேலும் படும்.

டீச்சரின் அஞ்சல் விளம்பரத் தாவலில்தான் கிடந்தது. போனிலேயே வழிசொல்லித் தேடவைத்தேன். கண்டுபிடித்ததும் அவர் சொன்னது: “இதுவா? தலைப்புல ஏதோ கேள்விக்குறி கேள்விக்குறியா இருந்துச்சு. ஏமாத்து வேலைன்னு விட்டுட்டேன் தம்பி.”

அந்தக் கேள்விக்குறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், தமிழில் மடல் நடத்தும் யாருக்கும் இது நேரலாம். அஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்காக உண்டாக்கப்பட்டது. தமிழை அதில் அனுப்ப வேண்டுமானால் பொதுவாக உருமாற்றித்தான் அனுப்புகிறார்கள். ‘உறுதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு உ, ற, உகரக் குறி, த, இகரக் குறி என்று ஐந்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. இதை பேஸ்64 முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றினால் 20 எழுத்து. 1996-ல் வகுத்த விதிப்படி, இப்படி உருமாறிய ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. துண்டின் முன்னும் பின்னும் வரும் குறிப்புகளுக்கு 12 போய்விடும். மிச்சத்தில் அடங்குவது 45 பைட், அதாவது தமிழில் 15 குறிகள். நீளமான தலைப்பு இரண்டு மூன்று துண்டாகத்தான் போகும். எந்தத் துண்டும் ஓர் எழுத்தின் நடுவே முறியக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. எங்கள் படிவத்தை இயக்கிய நிரல் இதைக் கவனிக்காமல், பைட் கணக்கை மட்டும் பார்த்து வெட்டியது. மூன்று பைட்டில் ஒன்று இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சேராமல், கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக டீச்சர் கண்ணில் பட்டது அதுதான். நிரலை மாற்றினோம். ‘உறுதி செய்யுங்கள்’ என்பதை முன்னால் கொண்டுவந்தோம், அதற்குப் பின் ‘பறவை மடல்’. போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், அதிலும் தமிழ் எழுத்து அகலம் கூடியது.

டீச்சர் ஏமாற்று வேலை என்று நினைத்ததில் தவறே இல்லை. தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நாம் அனுப்புவதோ, பழக்கமில்லாத பெயரிலிருந்து ஒரு லிங்க். எச்சரிக்கையான ஆள்தான் இங்கே முதலில் நின்றுவிடுகிறார். இதற்கு மருந்து அஞ்சலில் இல்லை, அதற்கு முந்தைய திரையில் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் ‘நன்றி’ என்று மட்டும் காட்டிவிட்டு விடாமல், எந்தப் பெயரிலிருந்து, எந்தத் தலைப்போடு அஞ்சல் வரும் என்று அங்கேயே சொல்லவேண்டும். அவர் தட்டிய முகவரியையும் பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டி, பக்கத்தில் ‘திருத்த’ என்று ஒரு பட்டன். போனில் தட்டும்போது ஜிமெயில் என்பது ஜிமியல் ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிப்பட்ட பிழை டொமைன்கள் சிலவற்றை ஸ்பேம் பிடிக்கும் பொறிகளாகவே வைத்திருக்கிறார்கள்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு, எல்லோருக்கும் கைவந்த ஓடிபிதான். ரேஷன் கடையிலிருந்து காஸ் சிலிண்டர் வரை பழகிப்போன விஷயம். ஆறு இலக்க எண்ணை அஞ்சலில் அனுப்பி, அதைப் பதிவு செய்த அதே திரையில் தட்டச் சொன்னால், லிங்கைத் தொடும் பயம் இல்லை. போனின் அறிவிப்பிலேயே எண் தெரிந்துவிடுவதால், பல நேரம் அஞ்சலைத் திறக்கக்கூட வேண்டாம். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் சாத்தியங்கள்தான் என்பதால், ஐந்து முறை தவறினால் பூட்டிவிட வேண்டும், சிறிது நேரத்தில் காலாவதியாக்க வேண்டும். தாமதமாக வரும் அஞ்சலுக்கு இது உதவாது, திரை மூடப்பட்டிருக்கும். அதனால் எண்ணும் லிங்க்கும் ஒரே அஞ்சலில் இருக்கட்டும் என்று வைத்தோம்.

லிங்கிலும் ஒரு நுணுக்கம். அலுவலக முகவரிகளுக்குப் போகும் அஞ்சலைப் பாதுகாப்பு நிரல்கள் முன்கூட்டியே திறந்து, உள்ளே இருக்கும் லிங்க் எங்கே போகிறது என்று தொட்டுப் பார்க்கின்றன. தொட்டதும் உறுதியாகிவிடும்படி வைத்திருந்தால், மனிதர் பார்க்கும் முன்பே இயந்திரம் சம்மதம் சொல்லிவிடும். உறுதி செய்தோர் எண்ணிக்கை அழகாக ஏறும், அத்தனையும் பொய். மடலிலிருந்து விலகும் லிங்கிலும் இதே தொல்லை இருந்ததால்தான், ஒரே தொடலில் விலகுவதற்கு 2017-ல் வந்த விதி, வெறுமனே பக்கத்தைத் திறப்பதைக் கணக்கில் எடுக்காது. அதற்கென்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்பவேண்டும். நம் லிங்க்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் ‘ஆம், எனக்கு மடல் வேண்டும்’ என்ற பட்டனைக் காட்டவேண்டும். ஒரு தொடல் கூடுகிறது, உண்மைதான். அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் விடுபடுவார்கள். அவர்களுக்கு மறுநாள் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புகிறோம். ‘நேற்று கண்காட்சியில் பெயர் கொடுத்தீர்கள்’ என்று இடத்தைச் சொல்லி ஆரம்பிக்கும். பெயர் கொடுத்த இடம் நினைவுக்கு வந்தால் தயக்கம் போய்விடுகிறது. அதற்கும் பதில் வராவிட்டால், ஒரு வாரத்தில் டோக்கனோடு முகவரியையும் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறோம். அது வேறு யாரோ தட்டிவிட்ட முகவரியாக இருந்திருந்தால், அந்த மனிதருக்கு வந்த வேண்டாத அஞ்சல் இரண்டோடு நின்றுவிடும்.