உயர் ஓதக் கோடு: அலைக்குப் போன பெயர்

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய எந்தத் தாளை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு சொல் வந்து நிற்கும்: ‘ஹை டைட் லைன்’. கடல்நீர் ஏறும்போது நிலத்தில் அதிகபட்சம் தொடும் கோடு அது. அதிகாரிகள் சுருக்கமாக எச்.டி.எல். என்பார்கள். தமிழ் அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் இது பல இடங்களில் ‘உயர் அலைக் கோடு’ ஆகிவிடுகிறது. சில இடங்களில் ‘உயர் ஓதக் கோடு’ என்று இருக்கும். வீடு கட்டலாமா, விடுதி வரலாமா, சாலை போடலாமா என்ற கேள்விகள் எல்லாம் கடைசியில் இந்தக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கில்தான் போய் முடிகின்றன. அப்படிப்பட்ட கோட்டை அலையின் பேரில் எழுதி வைத்தது சரியில்லை.

அலையைக் கிளப்புவது காற்று. ஒரு அலை வந்து மணலில் ஏறி, சில நொடிகளில் திரும்பிப் போய்விடும். ஓதம் வேறு. நிலவும் சூரியனும் இழுக்கும் இழுப்பில் கடல் மட்டமே மெல்ல ஏறி இறங்குவதுதான் ஓதம். தமிழகக் கரையில் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 6 மணிக்கு உச்சம் தொட்ட நீர் நாளைக்கு 6.50 வாக்கில்தான் அந்த உச்சத்துக்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அட்டமியை ஒட்டிச் சிறுத்துவிடும்.

அலை என்ற சொல் ஏன் உள்ளே புகுந்தது என்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாளில்கூட உச்சத்துக்கும் தாழ்வுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரைத் தாண்டும். அங்கே யாருக்கும் ஓதத்தை அலையோடு குழப்பிக்கொள்ளத் தோன்றாது. படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இங்கே மெரினாவில் நிற்பவர் கண்ணில் படுவது அலை மட்டும்தான். அப்புறம் ஒரு பௌர்ணமியன்று திருச்செந்தூரில் பாறைகள் வெளியே தெரிந்ததும் ‘கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்’ என்று செய்தி வரும். பெரும்பாலும் அது வழக்கமான வற்றம்தான். அடுத்த அமாவாசைக்கும் அதே செய்தியைத் தேதி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

குழப்பம் அதோடு நிற்பதில்லை. ‘உயர் அலை எச்சரிக்கை’ என்று வானிலைச் செய்தியில் வருவது காற்றாலோ, தூரத்துப் புயலாலோ எழும் அலையைப் பற்றியது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைவில் எழுந்த பெருவீச்சு அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறுவதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். கேரள, குமரிக் கரை மீனவர்களின் சொல் அது. இன்று அறிவியல் கட்டுரைகளும் அரசின் எச்சரிக்கைகளும் அதையே எடுத்துக்கொண்டுவிட்டன. நிலநடுக்கத்தால் வருவது ஆழிப்பேரலை. அதை ஆங்கிலத்தில் நெடுநாள் ‘டைடல் வேவ்’ என்றுதான் சொல்லிவந்தார்கள். ஓதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதால் அறிவியலாளர்கள் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் விட்ட குழப்பத்தை நாம் ‘உயர் அலைக் கோடு’ என்று புதிதாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். 2004 டிசம்பரைப் பார்த்த ஊரில் போய் ‘உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர்’ என்று வாசித்தால், கேட்பவர் மனதில் எந்த அலை எழும்?

இனி சொற்களின் பூர்வீகம். ஆங்கில ‘டைட்’ முதலில் கடலைக் குறிக்கவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டீட்’ என்றால் காலம், வேளை. ஜெர்மன் மொழியில் நேரத்தைக் குறிக்கும் ‘ட்சைட்’ அதன் உடன்பிறப்பு. கிறிஸ்துமஸ் காலத்தை இன்றும் ‘யூல்டைட்’ என்பதில் அந்தப் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேளை தவறாமல் வரும் நீர் என்பதால், இடைக்காலத்தில்தான் கடலின் ஏற்றவற்றத்துக்கு அந்தப் பெயர் வந்தது. வடமொழியிலும் ஏறக்குறைய இதே கதை: ‘வேலா’ என்ற ஒரே சொல் எல்லை, கரை, ஓதம், காலம் எல்லாவற்றுக்கும் ஆகும். தமிழிலக்கியத்தில் கடலுக்கும் கடற்கரைக்கும் ‘வேலை’ என்ற சொல் வருகிறது, நேரத்துக்கு ‘வேளை’. மலையாளத்தில் உயர் ஓதத்துக்கு இன்றைக்கும் வேலியேற்றம், தாழ் ஓதத்துக்கு வேலியிறக்கம்.

நம் ‘ஓதம்’ காலத்திலிருந்து வரவில்லை, ஈரத்திலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் ‘சுவரில் ஓதம் ஏறுது’ என்று வீட்டில் சொல்வோமே, அதே ஓதம்தான். அகராதியில் ஈரம், வெள்ளம், அலை, கடல், கடலின் ஏற்றம் என்று பொருள் விரிகிறது. உடம்பில் நீர் கோத்து விரை வீங்குவதையும் ஓதம் என்பார்கள். ஆழ்வார் பாசுரங்களில் கடல் ‘ஓதமாகடல்’. கடல் நிறத்தவன் ‘ஓதநீர் வண்ணன்’. அலை என்ற பொருளும் பட்டியலில் இருக்கிறதே என்று கேட்கலாம். பழைய செய்யுளில் கடலோடு தொடர்புள்ள சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும், அதில் குறையில்லை. ஆனால் சட்டம் எழுதும்போது ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான் கொடுக்க முடியும். பள்ளிப் பாடநூல்களும் கலைச்சொல் பட்டியல்களும் ஓதத்தை ‘டைட்’டுக்கு என்று ஒதுக்கி வைத்து நெடுநாள் ஆகிறது. சுவரில் கீழிருந்து மெல்ல ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும் ஈரத்துக்கும், கரையில் மெல்ல ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும் கடலுக்கும் ஒரே பெயர் இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. இலங்கைத் தமிழில் ‘வற்றுப்பெருக்கு’ என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான். நிகழ்வை அப்படியே சொல்லிவிடுகிறது. கரையில் பேச்சு வழக்கு இதைவிட எளிது: நீர் ஏறுது, நீர் வத்துது. அவ்வளவுதான்.

‘கோடு’ என்பதிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று அது தாளில் இழுக்கும் வரி. முன்பு அது கரையையும் குறித்தது. ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்ற குறளில் வரும் கோடு, குளத்தின் கரை. கரை இல்லாத குளத்தில் நீர் நிற்காது என்கிறார் வள்ளுவர். ஓதக் கோடு என்பதற்கு ஓதத்தின் கரை என்றும் பொருள் கொள்ளலாம் என்பது தற்செயலாக வாய்த்த நல்லூழ்.

சரி, இந்தக் கோடு அரசியலுக்குள் எப்படி வந்தது? 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓதம் அதிகபட்சம் ஏறும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டருக்குக் கடற்கரையில் எந்த வேலையும் நடக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்துக்குச் சட்ட பலம் கிடையாது. போபால் விபத்துக்குப் பின் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானபோதுதான் அந்த 500 மீட்டர் சட்டமானது. ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டர் கட்டுமானமில்லாப் பகுதி.

அந்த அறிவிக்கை பலமுறை திருத்தப்பட்டது. திருத்தங்களில் பெரும்பாலானவை எதையாவது அனுமதிப்பதற்காகவே வந்தன. சுனாமிக்குப் பின் 2008இல் கடலோர மேலாண்மை மண்டலம் என்று வேறொரு வரைவைக் கொண்டுவந்தார்கள். நாடெங்கும் மீனவர்கள் எதிர்த்ததில் 2009இல் அது கைவிடப்பட்டது. 2011இல் புதிய அறிவிக்கை. பிறகு 2019 ஜனவரியில் இன்னொன்று. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் கட்டுமானமில்லாப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது அது. உப்பங்கழிகள், ஆற்று முகத்துவாரங்கள் ஓரமாக 100 மீட்டராக இருந்ததும் 50 ஆனது. கோடு நகரவில்லை, கோட்டுக்குப் பின்னால் இருந்த இடம்தான் குறைந்தது.

மீனவர்களின் நிலை இதில் விசித்திரமானது. 200 மீட்டர் விதி பெரிய விடுதிகளைத் தடுத்ததோ இல்லையோ, பல இடங்களில் மீனவர் வீட்டுக்குப் பட்டாவும் அனுமதியும் கிடைக்காமல் செய்தது. விதியைத் தளர்த்தியபோது திறந்துவிடப்பட்ட நிலம் தங்களுக்கு வராது, காசுள்ளவருக்குத்தான் போகும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓதக் கோட்டுக்கு மேலே இருக்கும் மணல், அளவையாளர் கண்ணுக்கு வெற்றிடம். படகை ஏற்றி வைப்பது, வலை பிரிப்பது, கருவாடு காயப் போடுவது, கரைவலை இழுப்பது எல்லாம் அந்த மணலில்தான். வரைவு வரைபடங்களை வைத்து நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ‘எங்க ஊரையே காணோம்’ என்று அவர்கள் கேட்டது இதனால்தான்.

இன்னொரு சிக்கல், ஓதம் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. எண்ணூர், பழவேற்காடு, முத்துப்பேட்டை போன்ற இடங்களில் அது கழி வழியாக வெகுதூரம் உள்ளே போகும். அங்கே எதுவரை கடல் என்பதை அறிவிக்கை ஒரு வேடிக்கையான, ஆனால் நியாயமான முறையில் தீர்மானிக்கிறது: ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில் அளந்தால், ஆயிரத்தில் 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை ஓதத்தின் ஆட்சி. ‘உயர் அலைக் கோடு’ என்ற சொல் முற்றிலும் தோற்பது இந்த இடத்தில்தான். எண்ணூர்க் கழியில் ஏது அலை? கண்ணுக்குத் தெரியும் அலை இல்லை என்பதால் இது கடல் சம்பந்தப்பட்ட இடமே இல்லை என்று வாதாட வழியுண்டு; மண்ணைக் கொட்டி மேடாக்கவும் வழியுண்டு. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்களை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்களே, அவையும் காயலோரத்தில் எழுந்தவைதான். கடலோர விதியை மீறிக் கட்டியவை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லியிருந்தது.

நாட்டின் கரை நீளமும் ஓதத்தை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாக 7,516 கிலோமீட்டர் என்று பாடம் படித்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 11,098 கிலோமீட்டர் ஆகிவிட்டது. நிலம் வளரவில்லை. உயர் நீர்க் கோட்டை அடிப்படையாக வைத்து, இன்னும் நுணுக்கமான அளவில் வளைவு நெளிவுகளையும் தீவுகளையும் சேர்த்து அளந்தார்கள்.

ஓதக் கோட்டோடு அடிக்கடி குழப்பப்படும் இன்னொரு கோடு ‘ஹசார்டு லைன்’, அதாவது இடர்க் கோடு. கடலரிப்பு, கடல்மட்ட உயர்வு, வெள்ளம் இவற்றைக் கணக்கில் எடுத்து இந்திய நில அளவைத் துறை வரைந்தது. 2019 அறிவிக்கை இதைப் பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் வைத்துக்கொண்டது. எங்கே கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது ஓதக் கோடுதான். 1990 முதல் 2018 வரையான கரை மாற்றத்தை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆய்வு மையம், நாட்டின் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகிறது என்றது. கரை அரிந்தால் ஓதக் கோடும் உள்ளே வரும். வரைபடத்தில் இருப்பதோ வரைந்த நாளின் கோடு.

தமிழில் எப்படி எழுதுவது? ‘டைட்’டுக்கு ஓதம். ஏறுவது ஓதவேற்றம், இறங்குவது ஓதவற்றம். பேச்சில் ஏற்றம், வற்றம் போதும். அமாவாசை, பௌர்ணமிக்கு வரும் ‘ஸ்பிரிங் டைட்’டை யாராவது ‘வசந்த ஓதம்’ என்று மொழிபெயர்த்தால் நம்பிவிடாதீர்கள். அந்த ஸ்பிரிங் துள்ளி எழுவதைக் குறிப்பது. அதற்குப் பேரோதம், அட்டமிக்கு வரும் ‘நீப் டைட்’டுக்குச் சிற்றோதம் என்று எழுதலாம். ‘ஹை டைட் லைன்’ என்பதை அறிவிக்கை விளக்கும் விதம், பேரோதத்தின்போது நீர் நிலத்தில் அதிகபட்சம் தொடும் கோடு. கறாராகப் பார்த்தால் ‘பேரோதக் கோடு’தான் மிகச் சரி. ஆனாலும் ‘உயர் ஓதக் கோடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். கீழே இருப்பது தாழ் ஓதக் கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓதமிடைப் பகுதி.

உங்கள் ஊருக்கு இந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால், 1:25,000 அளவிலான மண்டல வரைபடம் உதவாது. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். கோட்டின் தடிப்பிலேயே ஒரு தெரு மறைந்துவிடும். 1:4,000 அளவில் புல எண்ணோடு இருக்கும் உள்ளூர் வரைபடத்தைக் கேளுங்கள். அதன் குறிப்புகளில் ‘உயர் அலை’ என்று எழுதியிருந்தால், ஓதம் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.