கோலோ ஆடுவதற்குக் குதிக்கத் தேவையில்லை

தவக்காலத்தில் சேர்பியர்களின் ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் கல்யாணம் நடப்பதில்லை. ஈஸ்டர் கழிந்ததும் வரிசையாகத் தொடங்கிவிடும். அதோடு சூரிச்சில் என்னிடம் பிசியோதெரபிக்கு நொண்டிக்கொண்டு வருபவர்களும் கூடிவிடுவார்கள். இந்தக் கிழமை வந்தவர் நாற்பதைத் தாண்டியவர், நம்மவர். மணமகள் சேர்பியப் பெண், இவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. சேர்பியர்கள் கைகோத்து, வட்டமாக வளையும் வரிசையில் ஆடும் கோலோவை யூடியூப் பார்த்துப் பழகியிருக்கிறார். மண்டபத்தில் இசை வேகமெடுத்தபோது கெண்டைக்காலின் உட்புறத்தில் ‘டக்’ என்றதாம். தசை கிழிந்திருக்கிறது.

கோலோ என்றால் குதிப்பது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

இவர்கள் பார்ப்பது மேடை நடனம். பெல்கிரேடில் 1948இல் தொடங்கிய ‘கோலோ’ தேசியக் குழு போன்றவற்றில் ஆடுபவர்களுக்கு அதுதான் தொழில். உயரத் துள்ளுவதும் தரை அதிர மிதிப்பதும் மேடைக்காக அமைத்தவை. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோலோவோ ஊர்ச்சனம் கல்யாணத்திலும் திருவிழாவிலும் கைகோத்து ஆடுவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கல்யாணங்களில் அதிகம் ஆடுவது ‘கோலோ உ த்ரி’. வலப்பக்கம் சில அடி, அப்புறம் நின்ற இடத்திலேயே மும்மூன்று சிற்றடி, பிறகு அதே மாதிரி இடப்பக்கம். அடுத்த முறை வட்டத்தில் ஆடும் ஒரு சேர்பியப் பாட்டியின் கால்களைக் கவனியுங்கள். பாதம் தரையை விட்டு எழும்புவதே தெரியாது. எடை முன்பாதத்தில் இருக்கும். முழங்கால் ஒருபோதும் விறைத்து நிற்காது. உடம்பு முழுக்க மெல்லிய அதிர்வு ஓடும், தலை மட்டும் அதே மட்டத்தில் இருக்கும். அந்த அதிர்வுதான் ஆட்டம். அதைப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும். குதிக்க யாருக்கும் பழக்கம் தேவையில்லை, அதனால்தான் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அக்கார்டியன்காரர் நிதானமாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். வேகம் கூடக்கூட அடி சிறிதாக வேண்டும். புதிதாக ஆடுபவர் நேர்மாறாக எட்டி எட்டி வைப்பார். நான் பார்க்கும் கிழிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருகின்றன.

வரிசையின் வலது முனையில் நிற்பவர் ‘கொலோவொஜா’, ஆட்டத்தை நடத்துபவர். அவருக்கு முன்னால் போய் நுழையாதீர்கள். இடது முனையும் உங்களுக்கு வேண்டாம், வரிசை வளையும்போது வால் பக்கம்தான் அதிகம் ஓட வேண்டியிருக்கும். முதலில் வரிசைக்குப் பின்னால் நின்று அடியைப் பிடியுங்கள். பிடிபட்டதும் நன்றாக ஆடும் இரண்டு பேருக்கு நடுவில் கேட்டுச் சேருங்கள். பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துத் தொங்காதீர்கள், அவருக்குத் தோள்பட்டை இருக்கிறது.

குதியுயர்ந்த சப்பாத்தோடு ஆடவே கூடாது. சேர்பியர்களுடைய ‘ஒபான்சி’ குதியில்லாத தோல் காலணி என்பதைப் பார்த்தாவது யோசியுங்கள். பையில் ஒரு தட்டையான சோடி வைத்திருங்கள். ஆடப் போகுமுன் பத்து நிமிடம் நடந்து, குதியைத் தூக்கி இறக்கிக் காலைச் சூடாக்குங்கள்.

கால் பிடித்தால் அந்த நொடியே வெளியே வாருங்கள். உட்கார்ந்து, காலை உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவாதீர்கள். நல்லெண்ணமுள்ள உறவுக்காரர்கள் உருவிய கால்கள் இரண்டு மடங்கு வீங்கி என்னிடம் வந்திருக்கின்றன. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருந்து, அந்தக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியாவிட்டால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குதிகால் நரம்பு, அதாவது அக்கிலிஸ் தசைநாண், அறுந்திருக்கலாம். பாதத்தை அசைக்க முடிகிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது அறுந்தாலும் மற்றத் தசைகள் பாதத்தை அசைக்கும்.

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருந்தால் சேர்பியக் கலாசாரச் சங்கம் ஒன்றில் பெரியவர்களுக்கு வகுப்பு உண்டா என்று கேளுங்கள். ‘வ்ரான்யாங்கா’ போன்ற நிதானமான ஆட்டத்தில் தொடங்குங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறதா? சரி, மெதுவான பாட்டுக்கு மட்டும் எழுந்து போங்கள், வேகம் கூடியதும் கையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.