ஸ்கேனில் அகப்படாத வயிற்று வலி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். காலையில் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் மூன்று தடவை கழிப்பறை. போய்வந்தால் முறுக்கு அடங்கும், அரைமணியில் மறுபடி கிளம்பும். ஸ்கேன், கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எல்லாம் சுத்தம். டாக்டர் ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome, எளிதில் சீண்டப்படும் குடல்) என்றாராம். வீட்டிலோ கொதி விழுந்திருக்கிறது என்கிறார்களாம், அதாவது சாப்பிடும்போது யாரோ ஆசையாகப் பார்த்துவிட்டார்கள். "ஒன்றுமே இல்லாமல் எப்படி சார் வலிக்கும்?"

நல்ல கேள்வி. இப்போதைய கறாரான வரையறைப்படியே உலகில் நூறு பெரியவர்களில் நான்கு பேருக்கு இது உண்டு. அந்த விகிதத்தைப் போட்டால் குமரி மாவட்டத்தில் மட்டும் ஐம்பதாயிரம் பேரைத் தாண்டும்.

1973-ல் ரிட்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். 60 மில்லி, அதாவது சாயா கிளாஸில் பாதி. மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வலித்தது. ஐபிஎஸ்காரர்களில் 55 சதவீதம்! பலூன் ஒன்றுதான், கேட்கிற காதுதான் வேறு. குடல் விரியும்போது அதன் சுவர் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது (உடம்பின் செரோட்டோனினில் பெரும்பங்கு மூளையில் இல்லை, குடலில்தான்). அது நரம்பு நுனிகளைத் தட்ட, செய்தி தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகிறது. வழியிலேயே பெரும்பாலானவை அமுக்கப்படும். அந்த அமுக்கல் தளர்ந்தால் சாதாரண வாயு நகர்வதும் வலியாகிவிடும். கொடைவிழா மைக்செட்டில் சத்தத்தைக் கூட்டிவைத்தால் பேச்சாளர் தொண்டையைச் செருமுவதுகூடத் தெருமுனைவரை கேட்குமே, அப்படி. ஸ்கேன் ஒலிபெருக்கியைப் படம்பிடிக்கிறது. அதில் கீறல் எதுவும் இல்லைதான்.

சிலருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்துபோன பிறகு இது தொடங்கும். மனக்கவலையும் சத்தத்தைக் கூட்டும்.

கொதி ஓதுவதில், அதாவது உப்பில் மந்திரம் ஓதித் தின்னக் கொடுப்பதில், எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் 2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 80 ஐபிஎஸ் நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 35. ஆகவே ஓதிய உப்பைத் தின்று பாட்டிக்கு வயிறு அடங்கியது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. மந்திரத்துக்குத்தான் அதில் பங்கில்லை. மலத்தில் ரத்தம், எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் மட்டும் ஓதுகிறவர் வீட்டுக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்துகள் உண்டு. நார்ச்சத்தான இசப்கோல், முறுக்கைத் தளர்த்தும் மெபெவெரின், போக்கு அதிகமானால் லோப்பரமைடு. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் எழுதினால் "எனக்கென்ன மனநோயா" என்று சீட்டைக் கிழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் அது நரம்பின் சத்தத்தைக் குறைக்கத்தான்.

அப்புறம் சாப்பாடு. வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்ற ஒருவகை கார்போஹைட்ரேட் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். உள்ளி இல்லாமல் மீன்குழம்பா என்று கேட்பீர்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைத் தேங்காய் எண்ணெயில் முழுசாகப் பொரித்து, புளிக்கரைசல் ஊற்றும் முன் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மணம் எண்ணெயிலேயே நின்றுவிடும்.