மெஜந்தா என்றால் வாடாமல்லி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் "வாடாமல்லி கலர்ல புடவை காட்டுங்கண்ணா" என்றால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துப் போடுவார். அதே நிறம்தான் பிரிண்டர் மைப்புட்டியில் மெஜந்தா. 'எம்' என்று குறித்திருக்கும். ஆனால் ஜெராக்ஸ் கடையில் அதை 'ரெட் இங்க்' என்கிறார்கள். போட்டோ கலர் கெடும்போது தப்பான மருந்து கொடுப்பதற்கு இந்தப் பெயரே பாதிக் காரணம்.

மெஜந்தா என்பது இத்தாலியில், மிலான் நகருக்கு மேற்கே உள்ள ஓர் ஊர். 1859 ஜூன் 4 அன்று பிரான்சும் சார்டினியாவும் சேர்ந்து ஆஸ்திரியப் படையை அங்கே தோற்கடித்தன. அந்தச் சமயத்தில் பிரான்சில் ஃபுக்சின் என்ற புதுச் சாயம் விற்பனைக்கு வந்திருந்தது. ஃபுக்சியா பூவின் நிறம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். போர் வெற்றிக்குப் பிறகு சாயத்துக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'கருஞ்சிவப்பு' என்று எழுதுவதுண்டு. படிக்கிறவர் மனத்தில் அது மெரூனாகத்தான் விரியும். 'செந்நீலம்' என்றால் ஊதா ஆகிவிடுகிறது. வாடாமல்லி இருக்கும்போது இவை எதற்கு? பூவைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

சிவப்புக்கும் வாடாமல்லிக்கும் உள்ள வேறுபாடு வேலையில் தெரியும். வாடாமல்லி மை, ஒளியில் உள்ள பச்சையை விழுங்குகிறது. ஆகவே அந்த மை வராமல் போனால் படம் பச்சையடிக்கும்: முகம் மஞ்சள் கலந்த பச்சையாகும், குங்குமப் பொட்டு மஞ்சளாகிவிடும், நீலச் சட்டை சயான் (பச்சை கலந்த வெளிர்நீலம்) பக்கம் போகும். 'ரெட் வரல' என்று எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டிப் பயனில்லை. முதலில் நாசில் செக் தாள் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) ஒன்று எடுங்கள். வாடாமல்லிக் கோடுகள் நடுநடுவே அறுந்திருந்தால் பிரிண்டரின் ஹெட் கிளீனிங் (மைத் துளைகளைச் சுத்தம் செய்யும் கட்டளை) கொடுத்து, மறுபடி நாசில் செக் பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்குள் சரியாகவில்லையென்றால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை அணைத்து 12 மணி நேரம் விட்டுப் பிறகு பாருங்கள். விடாமல் கிளீனிங் கொடுத்தால் மை வீணாகும், கழிவு மைப் பஞ்சும் சீக்கிரம் நிரம்பும். டேங்க்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். குழாயில் காற்று புகுந்தாலும் இதே அடையாளம்தான் காட்டும்.

கோடுகள் முழுசாக இருந்தும் படம் முழுக்க வாடாமல்லி ஏறியிருந்தால் மையில் குறையில்லை, செட்டிங்கில்தான். ஃபோட்டோஷாப்பில் 'ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' போட்டுவிட்டு, டிரைவரிலும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கலர் திருத்தத்தை அணைக்காமல் விட்டால் ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடக்கும். டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' வையுங்கள். பேப்பர் வகையும் முக்கியம்: கிளாஸி தாளை வைத்து 'பிளெயின் பேப்பர்' என்று விட்டால் மையின் அளவே மாறிவிடும். இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால் மட்டும் 'கலர் பேலன்ஸ்' திறந்து மெஜந்தா–கிரீன் கோட்டில் உள்ள குமிழைப் பச்சைப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். இங்கே சிவப்பைக் குறைத்தால் படம் சயானுக்குத் தாவும். 'ரெட் இங்க்' என்று பழகியவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

இப்படி ஒரு பக்கம் நிறம் சாய்வதைக் 'கலர் காஸ்ட்' என்பார்கள். நிறச்சாய்வு என்பது பொருத்தமான தமிழ். அதைக் கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரிண்ட் காய்ந்த பிறகு, பகலில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதே பேப்பரின் அச்சிடாத துண்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் உள்ள வெள்ளை வேட்டியோ சாம்பல் நிறச் சுவரோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும்.

ராயபுரம், காசிமேடு போலக் கடல் காற்று வீசும் இடங்களில் போட்டோ பேப்பர் பாக்கெட்டைத் திறந்து போடாதீர்கள். தாள் ஈரம் இழுத்தால் மை பரவி, எல்லா நிறமும் மங்கும்.