டோப்போகிராபிக் மேப்: இடவிளக்கப் படம்

நிலவியல் மாணவர்கள் ‘டோப்போ ஷீட்’ என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். ஆறு, ஊர், பாதை மட்டும் இருந்தால் அது வெறும் நிலப்படம். நிலத்தின் மேடு பள்ளத்தையும் சமவுயரக் கோடுகளால், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளால், காட்டினால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

கிரேக்கத்தில் ‘டோப்போஸ்’ என்றால் இடம், ‘கிராஃபேய்ன்’ என்றால் எழுதுதல். ஓர் இடத்தைச் சொற்களால் விவரிப்பதற்குத்தான் முதலில் ‘டோப்போகிராஃபியா’ என்று பெயர். படத்துக்கு அது பின்னால் வந்தது.

தமிழ்நாட்டில் ‘தலப்படம்’ என்றும் இலங்கையில் ‘இடவிளக்கப் படம்’ என்றும் எழுதுகிறார்கள். முன்னது சுருக்கம்தான், ஆனால் கேட்டதும் பாடல் பெற்ற தலம் நினைவுக்கு வருகிறது. என் ஓட்டு பின்னதற்கே. ‘விளக்கம்’ என்ற பாதி எதற்கு என்று கேட்டால், அலாஸ்காவின் நோம் பகுதியைப் பார்க்கலாம்.

அங்கே ஆன்வில் ஓடையில் 1898-இல் பொன் கிடைத்தது. மறு ஆண்டு கடற்கரை மணலிலேயே கிடைத்தது. கூட்டம் குவிந்தது. 1900 கோடையில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் போய் இறங்கினார்கள். முக்காலிமேல் பலகை, அதில் தாள். குன்றில் நின்று பார்த்துப் பார்த்து அங்கேயே வரைவது அக்கால முறை. அப்படி வந்த முதல் படங்கள் 1:250,000 அளவையில் (படத்தில் ஒரு செ.மீ. என்றால் தரையில் இரண்டரை கி.மீ.), 200 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்று இருந்தன.

வண்டலைக் கழுவிப் பொன்னைப் பிரிக்க ஏராளமான நீர் வேண்டும், அதுவும் மேட்டிலிருந்து அழுத்தத்தோடு வர வேண்டும். அதற்காக மலைச்சரிவுகளில் மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். மெல்லச் சரியும் வாய்க்கால் ஏறக்குறைய ஒரு சமவுயரக் கோட்டை ஒட்டித்தான் வளைந்து வளைந்து போகும். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து. ஓடையைக் கடக்கும் இடத்தில் கோட்டின் மூக்கு ஓடை இறங்கி வரும் மேட்டுத் திசையைக் காட்டும். சரி, இவ்வளவு படிக்கத் தெரிந்தால் வாய்க்கால் எங்கே போகலாம் என்று உட்கார்ந்த இடத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் 200 அடி இடைவெளி நோமின் கடலோரச் சமவெளிக்குப் போதவில்லை. 1904-05-இல் அங்கே ‘மூன்றாம் கடற்கரை’ அகப்பட்டது. அது பழங்காலத்தில் அலையடித்த கரை; இன்றைய கடல்மட்டத்துக்கு 70–80 அடி மேலே, மண்ணுக்கடியில் பொன்னோடு புதைந்து கிடந்தது. கரைக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே படத்தில் வெறுமையாக விட்டிருந்த பகுதிக்குள்தான் அந்த உயரம் வருகிறது. நோம் வட்டாரத்துக்கு அப்புறம் இன்னும் விரிவாக, 1:62,500 அளவையில் தனிப் படம் போட்டார்கள்.