குப்பைத் தொட்டிக்கு ஏன் காய்ச்சல் அடிக்கிறது?

"எங்கள் அப்பார்ட்மெண்டில் மூன்று வாரமாக உரத் தொட்டி ஓடுகிறது. நேற்று மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி. உள்ளே கை வைக்க முடியவில்லை. தீப்பிடித்துவிடும், எடுத்துவிடலாம் என்கிறார் செக்ரட்டரி. நிஜமா?" தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எடுக்க வேண்டாம். காய்ச்சல் அடித்தால்தான் அந்தத் தொட்டிக்கு ஆரோக்கியம்.

குப்பை பிரிப்பதைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. மக்கும் குப்பை பச்சை, மக்காதது நீலம் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தன: பேட்டரி, காலாவதியான மருந்து போன்ற அபாயக் கழிவு. தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களுக்குத் தனிப் பொறுப்பும் வந்தது. பிரிக்காமல் போட்டால் என்ன என்பவர்கள், சாம்பார் கொட்டிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் நீட்டிப் பார்க்கலாம். சரி, தொட்டிக்குள் போவோம்.

ஒரு கிலோ சோற்றில் சுமார் 1,300 கிலோகலோரி இருக்கிறது. நாம் சாப்பிட்டால் அது நம் உடம்பைச் சூடாக வைக்கும். மிஞ்சியதைத் தொட்டியில் போட்டால் பாக்டீரியா சாப்பிடும். அதே மாவுச்சத்து, அதே ஆக்சிஜன், அதே கணக்கு. ஒரு கிலோகலோரி ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். அப்படியானால் அந்த ஒரு கிலோ சோற்றின் மொத்தச் சக்தியும் வெப்பமானால், 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி தாண்டிக் கொண்டுபோகும்! பாக்டீரியா ஒரு பங்கைத் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும், மீதியையும் பல நாளில்தான் வெளியிடும். ஆனாலும் சக்தி சின்னதில்லை.

அப்படியென்றால் பால்கனி மண்பானையில் உரம் போடுகிறவர்களுக்கு ஏன் சுடுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த சாதம் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். அண்டாவில் இருப்பது கடைசிப் பந்திவரை கொதிக்கும். வெப்பம் உண்டாவது உள்ளே இருக்கும் பொருளின் அளவைப் பொறுத்தது; வெளியேறுவது மேற்பரப்பைப் பொறுத்தது. தொட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகும், கொள்ளளவோ எட்டு மடங்காகும். பானை தன் சூட்டை உண்டானவுடனே இழந்துவிடுகிறது. ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவியல் சேர்ந்தால், நடுவில் இருக்கும் குப்பைக்கு ஓரத்தில் இருக்கும் குப்பையே போர்வை. தனி வீட்டுக்காரரிடம் அவ்வளவு குப்பை சேராது. நாற்பது வீட்டு அப்பார்ட்மெண்டில் சேரும். கூட்டமாக வாழ்வதில் எனக்குத் தெரிந்து இப்படிச் சுளையாகக் கிடைக்கும் லாபம் வேறில்லை.

சூடு ஏற ஏற உள்ளே ஆட்சியும் மாறுகிறது. நாற்பது டிகிரி சொச்சம்வரை நம் உடம்புச் சூட்டில் வாழக்கூடிய சாதாரண பாக்டீரியாக்கள். அவை தாங்கள் கிளப்பிய சூட்டிலேயே வெந்து ஒதுங்க, வெப்பம் விரும்பிகள் வந்து 55, 60, 65 என்று ஏற்றுகின்றன. அந்தச் சூட்டில் சில நாள் கிடந்தால் நோய்க்கிருமி, ஈப்புழு, தக்காளி விதை எல்லாம் காலி. எங்கள் கட்டடத்தின் முதல் உரத்தில் தக்காளிச் செடி வரிசையாக முளைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் அவமானம், தொட்டி சரியாகச் சூடாகவில்லை என்பதற்கு அதுதானே சாட்சி.

இந்த வெப்பம் விரும்பிகளில் தெர்மஸ் என்றொரு பேரினம் உண்டு. 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் இதைத் தேடிப் பிடித்தார். பிற்பாடு சூடான உரக் குவியலிலும் இதன் உறவுக்காரர்கள் அகப்பட்டார்கள். பிராக் கண்டெடுத்த இனத்தின் நொதிதான் பிசிஆர் சோதனைக்கு அடித்தளம். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டார்களே, அதற்குப் பின்னால் இருந்த வேதியியல். "வெந்நீரில் கிருமி தேடி என்ன பயன்" என்று கேட்டு அன்றைக்குப் பணத்தை மறுத்திருந்தால்? உடனடிப் பலன் கேட்கும் நிதிக் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இனி நாற்றம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. ரசத்தையும் மோரையும் தொட்டியில் ஊற்றினால் குப்பைத் துணுக்குகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் நின்றுவிடும். ஆக்சிஜன் நுழையாது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பொறுப்பேற்று, அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். மருந்து ரொம்ப எளிது: சருகு, தென்னை நார்க்கழிவு. இவை சந்துகளைத் திறந்து வைக்கும், சமையலறைக் கழிவில் குறையும் கார்பனையும் ஈடுகட்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் சருகு போடுங்கள். பாட்டிலில் விற்கும் 'அதிசய' நுண்ணுயிரிக் கரைசலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், வாழைப்பழத் தோலிலேயே வேண்டிய மட்டும் பாக்டீரியா இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஈசானி மூலையில் தொட்டி வைத்தால் ஆகாது என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. கடைசியில் ஜெனரேட்டர் பக்கம் வைத்தோம். பாக்டீரியா திசை பார்க்கவில்லை.

தீப்பிடிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். சரியாகக் காயாமல் அடுக்கிய வைக்கோல் போர் பெரிதாக இருந்தால், உள்ளே சூடேறித் தானாகப் பற்றுவதுண்டு. ஈரமான தொட்டியில் நீங்கள் பார்த்த அந்த ஆவியே சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். 70 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். பயப்பட வேண்டியது எல்லாவற்றையும் கலந்து கொட்டும் இடத்துக்கு. காற்றுப் புகாமல் புதைந்த ஈரக் குப்பை மீத்தேனை விடும், பக்கத்திலேயே பிளாஸ்டிக் விறகாகக் கிடக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது அணைக்கப் பல நாள் ஆனது.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் தொட்டி நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருக்கிறார். காலையில் உருவித் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் விட்டுவிடுவார், ஆறியிருந்தால் கிளறிவிடுவார். கிளறியும் சூடேறாமல், மழை பெய்த மண் வாசனை வந்தால் சலிக்க எடுத்துவிடுவார். அந்த வாசனை ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுடையது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். உங்கள் செக்ரட்டரியிடமும் ஒரு கம்பியைக் கொடுத்துப் பாருங்கள்.