நீலிக் கண்ணீரும் முதலைக் கண்ணீரும்

மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்த ஒரு சிறுகதையில், பாகப்பிரிவினை முடிந்த மறுநாள் மூத்த மருமகள் திண்ணையில் உட்கார்ந்து அழுகிறாள். கிணற்றடி நிலத்தைத் தன் கணவன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டவளே அவள்தான். வீட்டுக்குள்ளிருந்து வருகிற கிழவி, பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவள், "போதும்டி, முதலைக் கண்ணீர் வடிக்காதே" என்கிறாள். கதை நடக்கும் ஊர் அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையில், அதாவது பழங்கதையில் நீலி என்ற பேய் அழுத பழையனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அந்தச் சொல்லை அடித்து "நீலிக் கண்ணீர்" என்று திருத்தி அனுப்பினேன். கதாசிரியர் என் திருத்தத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் மூன்று காரணங்களை எழுதித் திருப்பி அனுப்பினார். பகலில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற இளைஞர் அவர். காரணங்களில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆயினும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்த் தலைப்புகளிலும் நாள்தோறும் கேட்டுச் சலித்த சொல்லை ஒரு கிராமத்துக் கிழவியின் வாயிலும் கேட்க நேர்ந்ததால், இதைச் சற்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலை தன் இரையைத் தின்னும்போது அழுகிறது என்பது ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பரவலாக நம்பப்பட்ட செய்தி. 14ஆம் நூற்றாண்டில் மாண்டவில் என்ற பெயரில் உலவிய பயண நூல் ஒன்று, முதலைகள் மனிதரைக் கொன்று அழுதுகொண்டே தின்னும் என்று சொல்கிறது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் தொகுத்த இலத்தீன் பழமொழித் திரட்டில் அது மரபுத்தொடராக இடம்பெற்றது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ தன் மனைவியின் கண்ணீரைப் பழிக்க அதையே எடுத்தாள்கிறான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் எல்லாவற்றிலும் அது நிலைத்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பயண நூல் அழுகிற முதலைகளை நிறுத்துகிற இடம் இந்தியா. நம் ஆற்று முதலைகள் அழுவதாக யாரோ ஐரோப்பாவில் எழுதிவைக்க, அது ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாக நமக்கே திரும்பி வந்து, நம் கிழவிகளின் பேச்சாகவும் ஆகிவிட்டது.

தமிழ் அறிந்த முதலை வேறு. குறிஞ்சிப்பாட்டு "கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்" என்று மூன்று இனங்களைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறது. வள்ளுவர் இடனறிதலில், நெடும்புனலுள் வெல்லும் முதலை நீரை விட்டு நீங்கினால் பிற உயிர்களிடம் தோற்கும் என்கிறார். அவிநாசியில் சுந்தரர், விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லிப் பாடியதும் ஒரு முதலையைப் பற்றியே. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பது பழமொழி. வலிமை, இடம், விடாப்பிடி ஆகியவையே இவற்றில் முதலைக்குரிய குணங்கள். ஓரிடத்திலும் அது அழவில்லை. குரங்கின் நெஞ்சுக்கு ஆசைப்பட்ட முதலையின் கதையை எடுத்துக்கொண்டு யாரேனும் வாதிட வரக்கூடும். அந்த முதலை ஏமாற்றப் பார்க்கிறது, ஏமாந்தும் போகிறது. தின்றுகொண்டே அழுவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இனி நீலி. நீலம் என்ற நிறப் பெயரிலிருந்து வந்த இச்சொல் காளிக்கும் கொற்றவைக்கும் உரிய பெயர். நீலிக் கண்ணீர் என்ற தொடரில் வருபவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டை ஒட்டிய அந்த ஊரின் கதை பல வடிவங்களில் சொல்லப்பட்டாலும் நடு எலும்பு ஒன்றுதான். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தேடி வருகிறாள். அவனிடம் இருக்கும் மந்திர வாளுக்கு அஞ்சி நெருங்க முடியாததால், கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் போய் நிற்கிறாள். இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறார் என்று அழுகிறாள். வணிகன் இவள் பேய் என்று கதறுகிறான். கீழே விட்ட குழந்தை அவனிடம் ஓடி அப்பா என்று அழைக்க, சபை அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு என்று வாக்களித்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓரிடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் குடல் கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், "வஞ்சப் படுத்தொருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்று பெயர் சொல்லாமலே பாடுகிறார். பெயர் சொல்லாமல் விட்டாலும் புரியும் அளவுக்கு அப்போதே கதை ஊரறிந்ததாக இருந்திருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, நீலி யார் முன்னால் அழுதாள் என்பது. வணிகன் அவளை நம்பப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் அழுதது சபைக்காக, தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களுக்காக. ஆகவே நீலிக் கண்ணீர் என்பது பார்க்கிறவர் மனத்தைத் தன் பக்கம் திருப்புவதற்காக வடிக்கும் கண்ணீர். திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்குக் கேட்கும்படி அழுகிற மூத்த மருமகளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை.

முதலைக் கண்ணீரிலோ இந்தத் துல்லியம் கிடையாது. ஆங்கிலத்திலேயே அது இரண்டு பொருளைக் கலந்துகட்டியது. அழுது இரையை அருகில் வரவழைப்பது ஒன்று. இரையைத் தின்றுகொண்டே அதற்காக வருந்துவது மற்றொன்று. தமிழ் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. கெடுக்கக் காத்திருப்பவன் இரக்கம் காட்டினால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்போம். கெடுத்தவனே ஆறுதல் சொல்ல வந்தால், பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்போம். ஊருக்காகக் காலம் கடந்து அழுதால், மாமியார் செத்த ஆறாம் மாதம் மருமகள் கண்ணில் கண்ணீர் வந்த கதை இருக்கிறது. பகைவனின் கண்ணீர் என்றால் வள்ளுவரே போதும்: "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து." கும்பிட்ட கைக்குள் ஆயுதம் ஒளிந்திருப்பதுபோல அழுத கண்ணீருக்குள்ளும் ஆயுதம் இருக்கிறது என்று சொன்ன ஒரு மொழிக்கு, முதலையைக் கடன் வாங்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? விவசாயிகளுக்காக ஓர் அரசியல்வாதி உருகினால் முதலைக் கண்ணீர். விவாகரத்து வழக்கில் ஒருவர் அழுதால் முதலைக் கண்ணீர். ஆலையை மூடிய முதலாளி தொழிலாளருக்காக வருந்தினாலும் முதலைக் கண்ணீர். ஓநாய்க்கு ஒன்று, நீலிக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று என்று பிரித்துச் சொல்லி வந்த பேச்சு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் வந்து மொண்ணையாகிவிட்டது. பிறமொழிச் சொல் கலப்பதைக் காட்டிலும் இந்த இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது அந்த இளைஞரின் மூன்று காரணங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, நீலி யாரென்று இன்றைய வாசகருக்குத் தெரியாது, முதலைக் கண்ணீர் என்றால் எல்லோருக்கும் புரியும் என்பது. முதலைக் கண்ணீர் புரிவது, முதலை அழும் என்ற செய்தி யாருக்கேனும் தெரிந்திருப்பதனால் அன்று. திரும்பத் திரும்பக் கேட்டதனால். அதே திரும்பச் சொல்லுதலை நீலிக்குச் செய்யாமல் இருந்துவிட்டு, அவளை யாருக்கும் தெரியாது என்று வருந்துவது முறையா? மேலும், நீலி வேஷம் போடாதே என்ற வசை இன்றும் கிராமங்களில் செத்துப்போகவில்லை. கதை தெரியாதவர்கூட அந்த வசையைப் புரிந்துகொள்வார். நாஞ்சில் நாட்டில் கள்ளியங்காட்டு நீலியின் கதையை வில்லுப்பாட்டாகவே கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் என்னைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது. நீலி என்று சொல்வது பெண்ணின் அழுகையைப் பொய் என்று பழிப்பது. முதலைக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான், அந்தச் சொல் பெண்களை நோக்கியே அதிகம் வீசப்பட்டிருக்கிறது. ஆனால் முதலை அப்பழுக்கற்றது என்று எண்ண வேண்டாம். ஒத்தெல்லோ முதலையை அழைத்தது குற்றமற்ற ஒரு பெண்ணின் கண்ணீரை மறுப்பதற்கு. நீலியின் கதையிலோ அவள் தரப்பு நியாயம் கதைக்குள்ளேயே இருக்கிறது: கொல்லப்பட்டவள் அவள், கொன்றவன் அவன், சபை விசாரிக்காமல் விட்டது முற்பிறப்பின் வழக்கை. சமணர்கள் இதே பழையனூர் நீலியை நீலகேசியாக்கி, ஒரு முனிவரிடம் அறம் கேட்க வைத்து, பிற சமயத்தாரை ஒவ்வொருவராக வாதில் வெல்லும் அறிஞராகவே உயர்த்தினார்கள். நீலிக் கண்ணீர் என்று சொல்லும்போது, அவள் ஏன் அழுதாள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இதனால் அந்தச் சொல்லின் குத்தல் போய்விடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆணுக்கும் அதைச் சொல்லிப் பழகுவதே என் வழி; அரசியல் மேடைகளில் அதற்கு வாய்ப்புக் குறைவில்லை.

மூன்றாவது, இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் முதலைக் கண்ணீர் வந்துவிட்டது, நாம் மட்டும் விலகி நிற்பானேன் என்பது. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே கடையின் திரைச்சீலை தொங்குவதால் நம் வீட்டுப் புடவையைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. சீனர்களும் முதலைக் கண்ணீரை வாங்கிக்கொண்டவர்கள்தாம்; ஆனால் எலிக்காகப் பூனை அழுத தங்கள் பழமொழியை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. பூனை எலிக்காக அழுவதும் ஓநாய் ஆட்டுக்காக அழுவதும் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் தத்தம் முற்றத்தில் பார்த்த விலங்கைக் கொண்டு ஒரே உண்மையைச் சொல்லியிருக்கின்றன.

முதலைக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கண்ணை ஈரமாக வைத்திருக்கும் சுரப்பி அதற்கும் உண்டு. அமெரிக்காவில் 7 விலங்குகளுக்கு, முதலையின் உறவினங்களான கெய்மன்களுக்கும் அல்லிகேட்டர்களுக்கும், தரையில் வைத்து இரை கொடுத்துப் படம் பிடித்தபோது 5 விலங்குகளின் கண்களில் நீர் வந்தது என்று 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகத் தின்னும்போது கண்ணில் நீர் வருவது பொய்யில்லை. அதில் துக்கத்தைச் சேர்த்தது மனிதன். மருத்துவத்தில் ஒரு நிலை உண்டு: முகவாதம் வந்து தேறுகிறவர்களில் சிலருக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு இழைகள் வளரும்போது வழிமாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட, சாப்பிடும்போதெல்லாம் கண்ணீர் வழியும். பொகொராது என்ற ரஷ்ய மருத்துவரின் பெயராலும் வழங்கும் அந்த நிலைக்கு முதலைக் கண்ணீர் என்று பெயர் வைத்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அங்கே முதலையும் பொருந்துகிறது, கண்ணீரும் பொருந்துகிறது, வஞ்சனை மட்டும் இல்லை.

மொழிபெயர்க்கிற நண்பர்களிடம் எனக்குள்ள குறையும் இதுவே. மரபுத்தொடர் ஒன்றைக் கண்டதும் அதிலுள்ள விலங்கை முதலில் தமிழாக்கிவிடுகிறார்கள். தொடர் என்ன செய்கிறது என்று பிறகும் கேட்பதில்லை. அறைக்குள் இருக்கும் யானை, பனிப்பாறையின் முனை என்று பத்திரிகைத் தமிழ் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிற இடத்தில் நாம் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். அந்த இடத்தில் மட்டும் பறவை எங்கே போயிற்று என்று யாரும் தேடுவதில்லை.

சிறுகதை சென்ற மாதம் அச்சில் வந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பதிப்பாசிரியர் சமரசம் செய்திருந்தார். பழையனூருக்குப் பக்கத்து ஊர்க் கிழவி, திண்ணையில் அழுகிற மருமகளைப் பார்த்து, "போதும்டி, போலிக் கண்ணீர் வடிக்காதே" என்கிறாள்.